வேலியா, விலங்கா? மந்திரக் கதைகள் பற்றிய பட்டிமன்றத்தில் ஓர் உரை

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எனக்கு முன்பு பேசி எனக்கு நிறைய வேலை வைத்துவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, சங்கத்து உறவுகளே, முன்வரிசையில் உட்கார்ந்து இன்னும் எவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்க்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

"மாயமந்திரக் கதைகளைப் பிள்ளைகளிடமிருந்து விலக்கி வைப்பது நம்பிக்கைக்கு வேலியா, விலங்கா?" என்பது இன்றைய தலைப்பு. விலங்கே என்று வாதிட வந்திருக்கிறேன். மதத்தின் பெயரால் எழுந்த எதிர்ப்பை மூடத்தனம் என்று கேலி செய்து கைத்தட்டல் வாங்குவது இந்த மேடையில் எளிது. அதை நான் செய்யப்போவதில்லை. பாளையங்கோட்டையில் ஓய்வுநாள் பள்ளிக்குப் போய், வசனம் மனப்பாடம் செய்து வளர்ந்தவள் நான். அமெரிக்காவுக்கு வந்த பிறகு பதினோரு ஆண்டுகளாக இவ்வூர்த் தமிழ்ச் சபையில் அதே வகுப்பை நடத்தி வருகிறேன். எதிரணித் தலைவர் எந்த வேதப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாரோ, அதையே திறந்து வைத்துக்கொண்டு அவருக்குப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

மந்திரப் பள்ளியில் படிக்கும் சிறுவனின் கதையான ஹாரி பாட்டரைத்தான் அவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். அது நியாயமான தேர்வே. 1997இல் இலண்டனில் முதல் நூல் வெளிவந்து, 2007இல் ஏழாவது நூலோடு நிறைவடைந்த இந்த வரிசை, 60 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. 2000 முதல் 2009 வரையிலான பத்தாண்டில் நூலகங்களிலிருந்து நீக்கும்படி மிக அதிகமாகக் கோரிக்கை எழுந்தது இவ்வரிசையைப் பற்றித்தான் என்று அமெரிக்க நூலகச் சங்கத்தின் பட்டியல் சொல்கிறது. 2001 டிசம்பர் 30 அன்று நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ நகரில் ஒரு சபையார் இந்நூல்களைத் தீயிலிட்டார்கள். 2019 மார்ச் 31 அன்று போலந்தின் கடான்ஸ்க் நகரில், கோயில் வாசலிலேயே குருமார் இதே காரியத்தைச் செய்து, பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். அந்தத் தீயில் ஹாரி பாட்டரோடு ஓர் ஆப்பிரிக்க முகமூடியும், பூனைக்குட்டி பொம்மை போட்ட ஒரு குடையும் கிடந்ததைப் படத்தில் பார்த்தவர்கள் இங்கே இருக்கக்கூடும். குடை என்ன மந்திரம் ஓதியது என்று எதிரணியினர் பிறகு விளக்கட்டும்.

எதிரணித் தலைவரின் வாதம் வேதாகமத்தின் உபாகமம் 18ஆம் அதிகாரத்தில் நிற்கிறது. குறிசொல்லுகிறவனும், நாள்பார்க்கிறவனும், அஞ்சனம்பார்க்கிறவனும், சூனியக்காரனும், மந்திரவாதியும், சன்னதக்காரனும், மாயவித்தைக்காரனும், செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவனும் உங்களுக்குள்ளே இருக்கவேண்டாம் என்ற கட்டளையை அவர் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். நானும் சிறுவயதில் அதை ஒப்பித்திருக்கிறேன். அந்தப் பட்டியலில் இரண்டாவதாக நிற்பவரை மட்டும் மெல்ல நினைவூட்டுகிறேன்: நாள்பார்க்கிறவன். நம் சங்கம் ஆண்டுதோறும் வீடுவீடாகத் தரும் நாட்காட்டியில் நல்ல நேரமும், இராகுகாலமும், எமகண்டமும் அச்சாகியிருக்கின்றன. அதை எதிரணித் தலைவரும் வாங்கிச் சென்று சமையலறையில் மாட்டியிருக்கிறார். நாள் பார்க்கிற என் இந்து நண்பர்களைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. அந்தத் தாள் வீட்டில் தொங்குவதால் தாம் நாள்பார்க்கிறவர் ஆகிவிடவில்லை என்பதை எதிரணித் தலைவர் நன்றாக அறிந்திருக்கிறார். பார்ப்பது வேறு, நம்பிக் கைக்கொள்வது வேறு என்ற இந்த வேறுபாட்டை அவர் தமக்குக் கொடுத்துக்கொள்கிறார். பத்து வயதுப் பிள்ளைக்கு மட்டும் மறுக்கிறார்.

அந்த வசனம் குறியும் மந்திரமும் சார்ந்த எட்டுப் பேரைச் சொல்கிறது. எட்டுப் பேரும் ஒரு செயலைச் செய்கிறவர்கள். அவர்களைப் பற்றிக் கதை சொல்லுகிறவனை அது சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேதமே முதலில் மாட்டிக்கொள்ளும். முதலாம் சாமுவேல் 28ஆம் அதிகாரத்தில் எந்தோரில் அஞ்சனம் பார்க்கிற ஒரு பெண் வருகிறாள். போருக்கு முந்தைய இரவில் சவுல் ராஜா அவளிடம் போய், இறந்துபோன சாமுவேலை எழுப்பித் தரச் சொல்கிறார். சால்வை போர்த்த ஒரு முதியவர் பூமிக்குள்ளிருந்து ஏறி வருகிறார். இதைவிட மயிர்க்கூச்செறியும் காட்சி ஏழு ஹாரி பாட்டர் நூல்களையும் சேர்த்துப் பார்த்தாலும் சிலவே தேறும். ஆனாலும் நாங்கள் இதை ஓய்வுநாள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்துகிறோம். அதைக் கேட்டுவிட்டு எந்தப் பிள்ளையும் வீட்டுக்குப் போய் அஞ்சனம் போட்டுப் பார்த்ததாக எனக்குத் தகவல் இல்லை.

அந்த அதிகாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இன்றைய தலைப்புக்கு அதுவே நெருக்கமானது. அஞ்சனம் பார்க்கிறவர்களையும் குறிசொல்லுகிறவர்களையும் தேசத்தைவிட்டுத் துரத்தியவரே இந்தச் சவுல்தான். முழுமையான தடை, அரச ஆணை, விதிவிலக்கே இல்லை. அதே சவுல்தான் பயம் வந்தபோது வேஷம் மாறி, வேறு உடை உடுத்தி, இருட்டில் அவள் வாசலில் போய் நிற்கிறார். நாட்டைச் சுத்தம் செய்த அந்த ஆணை அவருடைய மனத்துக்குள் ஓர் அங்குலமும் இறங்கவில்லை. நடுவர் அவர்களே, விலக்கி வைத்தால் போதும், நம்பிக்கை தானாக வளர்ந்துவிடும் என்று எதிரணி சொல்கிறபோதெல்லாம் எனக்கு அந்த இருட்டு வாசல்தான் நினைவுக்கு வருகிறது.

இதற்கு நேர் எதிரே தானியேலை வைத்துப் பாருங்கள். பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட அந்த இளைஞனுக்குக் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்பிக்கிறார்கள். அந்த நாட்டுக் கல்வியில் நட்சத்திரக் குறிகளும் கனவுப் பலன்களும் கலந்திருந்தன. தானியேல் ராஜாவின் போஜனத்தைத் தள்ளினார், திராட்சரசத்தைத் தள்ளினார். பாடத்தைத் தள்ளியதாக ஒரு வரிகூட இல்லை. பின்னாளில் சாஸ்திரிகளுக்கும் சோதிடருக்கும் தலைவராகவே அவர் வைக்கப்பட்டார். எங்கே கோடு போடுவது என்பதை அவர் தாமே அறிந்திருந்தார். யாரும் அவருக்காகப் பாபிலோனின் ஏடுகளை ஒளித்து வைக்கவில்லை.

இரண்டாவதாகப் பேசிய எதிரணி நண்பர் அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தைக் கொண்டுவந்தார். எபேசு பட்டணத்தில் ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு பெறுமானமுள்ள மாயவித்தைப் புத்தகங்கள் எரிக்கப்பட்டன. ஆகவே எரிப்பது புதிதன்று, அப்போஸ்தலர் காலத்து வழக்கம் என்றார். அந்த வசனத்தை இன்னொரு முறை வாசிக்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன். எரித்தவர்கள் யார்? மாயவித்தைக்காரராயிருந்தவர்கள். எவற்றை எரித்தார்கள்? தங்கள் புத்தகங்களை. தாங்கள் தொழில் செய்த செய்முறைச் சுவடிகளை, தாங்களே மனம்மாறி, தங்கள் காசு நட்டமாகும்படி கொண்டுவந்து போட்டார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் பையிலிருந்து யாரும் எதையும் உருவவில்லை. அலமகோர்டோவில் தீமூட்டிய போதகரோ, அதுவரை வந்திருந்த நான்கு நூல்களில் ஒன்றைக்கூடத் தாம் வாசித்ததில்லை என்று ஒப்புக்கொண்டவர்.

இனி அந்த நண்பரின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். அது உண்மையிலேயே வலுவானது. சி. எஸ். லூயிஸின் நார்னியா கதைகளிலும் மந்திரம் உண்டு, டோல்கீனின் கதைகளிலும் மந்திரவாதி உண்டு. ஆனால் அவை வேறோர் உலகத்தில் நடக்கின்றன, அங்கே மந்திரம் பிள்ளைகளின் கைக்கு வருவதில்லை. ஹாரி பாட்டரிலோ நம்மைப் போன்ற பிள்ளைகள், நம் உலகத்து இரயில் நிலையத்தில் ஏறிப்போய், வகுப்பில் உட்கார்ந்து, மந்திரத்தைப் பாடமாகப் படிக்கிறார்கள்; நல்லவர்களே அதைச் செய்வதால் அது நல்லதென்று பிள்ளை மனத்தில் பதிந்துவிடும் என்றார். இதற்குப் பதில் சொல்லாமல் நழுவுவது நேர்மையாகாது.

பதில் அந்த மந்திரத்தின் தன்மையிலேயே இருக்கிறது. வேதம் தடுக்கிற வித்தைகள் யாவும் வேறொரு சக்தியை நாடிப்போகிறவை: ஓர் ஆவியை அழைப்பது, இறந்தவரைக் கேட்பது, ஒரு தேவதைக்குப் படைத்து அருள் வாங்குவது. ஹாக்வார்ட்ஸ் பள்ளியில் யாரும் எந்த ஆவியையும் வணங்குவதில்லை, எதோடும் உடன்படிக்கை செய்துகொள்வதில்லை. அங்கே மந்திரம் பிறவியிலேயே வருகிற ஒரு திறன். இல்லாதவர் எத்தனை ஆண்டு படித்தாலும் வராது. அமெரிக்காவில் வாட்டர்கேட் வழக்கில் சிறை சென்று, பிறகு சிறைக்கைதிகளிடையே ஊழியம் செய்த சக் கோல்சன் என்ற நற்செய்தித் தலைவர், 1999இலேயே இந்த மந்திரம் ஓர் இயந்திரத்தைப் போன்றது, ஆவியுலகத்தோடு தொடர்பற்றது என்று விளக்கினார். 2019இல் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் குரு, இந்த நூல்களில் உள்ள மந்திரங்கள் உண்மையானவை, வாசித்தாலே தீய ஆவிகள் வரக்கூடும் என்று சொல்லி நூலகத்திலிருந்து அவற்றை அகற்றினார். பொருளை மேலே எழுப்புகிற மந்திரமாக அந்நூலில் வரும் "விங்கார்டியம் லெவியோசா" என்று கால் நூற்றாண்டாக உலகத்துப் பிள்ளைகள் தொண்டை வறளக் கத்தியிருக்கிறார்கள். ஓர் இறகுகூட எழும்பவில்லை, நடுவர் அவர்களே. எங்கள் வீட்டில் துடைப்பத்தைக்கூட யாரும் எழுப்பியதில்லை.

மதம் ஒருபுறமும் நூல்கள் மறுபுறமும் நின்று மோதியதாக எதிரணி ஒரு சித்திரம் வரைந்தது. நடந்தது அப்படியன்று, ஒரே வீட்டுக்குள் நடந்த வாக்குவாதம் அது. 2003 பிப்ரவரியில் வத்திக்கானில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் பீட்டர் ஃபிளீட்வுட் என்ற குரு, தேவதைகளும் மந்திரமும் இல்லாத கற்பனை உலகத்தில் வளர்ந்தவர் இந்த அறையில் யாருமே இருக்க முடியாது என்ற பொருளில் பேசி, இந்த நூல்களுக்குச் சார்பாக நின்றார். அடுத்த மாதமே கர்தினால் இராட்சிங்கர், ஜெர்மனியில் இந்நூல்களை எதிர்த்து எழுதிய ஓர் எழுத்தாளருக்கு அனுப்பிய கடிதத்தில், இவை கவனத்துக்கு எட்டாமல் ஆன்மாவில் கிறிஸ்தவத்தைத் திரிக்கிற நுட்பமான கவர்ச்சிகள் என்று குறிப்பிட்டார். 2005இல் அவர் திருத்தந்தையான பின்பு அந்தப் பழைய கடிதம் "திருத்தந்தை கண்டனம்" என்று செய்தியானது. 2008இல் வத்திக்கானின் நாளேடே இரு தரப்புக் கட்டுரைகளையும் சேர்த்து வெளியிட்டது. 2009இல் ஆறாம் படத்தைப் பற்றி எழுதும்போது, நன்மைக்கும் தீமைக்கும் இடையே தெளிவான கோடு இருக்கிறதென்று பாராட்டியது. தீர்ந்துபோன வழக்கைப் போல எதிரணி பேசுகிற ஒன்றைத் திருச்சபை இப்படித்தான் தனக்குள் பேசிப் பார்த்தது.

பிள்ளைகளுக்குக் கதையும் நிஜமும் பிரித்தறியத் தெரியாது என்ற மூன்றாம் பேச்சாளரின் கூற்றில் நான் நீண்ட நேரம் நிற்கவில்லை. 2000ஆம் ஆண்டில் தி ஆனியன் என்ற நையாண்டி ஏடு, ஹாரி பாட்டரைப் படித்துப் பிள்ளைகள் சாத்தானை வழிபடத் தொடங்கிவிட்டார்கள் என்று வேடிக்கையாக ஒரு கட்டுரை எழுதியது. அதை மெய்யென்று நம்பி மின்னஞ்சலில் ஊரெல்லாம் பரப்பியவர்கள் பெரியவர்கள்.

இப்போது கதைக்குள் வாருங்கள். எதிரணியில் மூவரும் வராத இடம் அது. இந்த ஏழு நூல்களின் வில்லன் யார்? சாவுக்கு அஞ்சி, கொலை செய்து, தன் ஆன்மாவைத் துண்டுதுண்டாகப் பிளந்து, பொருள்களுக்குள் ஒளித்து வைக்கிறவன். எந்த வித்தையைக் கொண்டாவது சாவைக் கடந்துவிட வேண்டும் என்ற வெறிதான் அவனுடைய தீமை. அவனை எதிர்க்கிற பையன் கடைசியில் மந்திரக்கோலை உயர்த்தாமல், பிறர் பிழைக்கும்படி சாவை நோக்கித் தானே நடந்து போகிறான். ஏழாம் நூலில், அவன் தன் பெற்றோரின் கல்லறையை முதன்முதலாகத் தேடி வருகிறான். கிறிஸ்துமஸ் இரவு, பனி மூடிய மயானம், அருகில் கோயிலிலிருந்து பாட்டுச் சத்தம். கல்லில் ஒரு வரி செதுக்கப்பட்டிருக்கிறது. எங்கிருந்து எடுத்தது என்று நூல் சொல்லவில்லை, எங்கள் ஊரில் எத்தனை கல்லறைகளில் அதைப் பார்த்திருக்கிறேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது: "பரிகரிக்கப்படுங் கடைசிச் சத்துரு மரணம்." முதலாம் கொரிந்தியர் 15:26. அதே மயானத்தில் இன்னொரு கல்லில், உங்கள் பொக்கிஷம் எங்கே இருக்கிறதோ அங்கே உங்கள் இருதயமும் இருக்கும் என்ற மத்தேயு 6:21.

வசனத்தைச் சாத்தானும் சொன்னானே என்று எதிரணித் தலைவர் தலையசைப்பது தெரிகிறது, சரியான கேள்வி. அதனால்தான் வசனத்தோடு நிறுத்தாமல் கதை எந்தப் பக்கம் நடக்கிறதென்று பார்க்கச் சொல்கிறேன். இறந்தவரை அழைக்கிற ஒரு கல் ஏழாம் நூலில் வருகிறது. அந்தக் கல்லைப் பற்றிய கிளைக்கதையில், இறந்த காதலியை அதைக் கொண்டு வரவழைத்தவன், அவள் இந்த உலகத்தில் பொருந்தாமல் தவிப்பதைக் கண்டு தன்னையே மாய்த்துக்கொள்கிறான். நாயகனும் அந்தக் கல்லைத் தன் கடைசி நடையில் ஒருமுறை பயன்படுத்துகிறான் என்பதை மறைக்க மாட்டேன். அது எனக்கும் இடறலாகவே இருந்த இடம். ஆனால் அவன் அதைக் காட்டில் நழுவவிட்டு, பிறகு உயிரோடு திரும்பியும் தேடிப் போகவில்லை. குறிசொல்லும் ஆசிரியையை நூல் பெரும்பாலும் நகைப்புக்கு உரியவராகவே காட்டுகிறது. வகுப்பிலேயே கெட்டிக்காரியான மாணவி அந்தப் பாடத்தை உதறிவிட்டு எழுந்து போய்விடுகிறாள். அந்த அம்மையாரின் வாக்கில் இரண்டு பலித்துவிடுகின்றன என்பதும் உண்மை. ஆனால் அந்த முதல் வாக்கை நம்பி அதைத் தடுக்க ஓடியதால்தான் வில்லன் அழிகிறான். உபாகமம் அந்த எட்டுப் பேரைச் சுட்டிக்காட்டுகிறதென்றால், அவர்களில் கடைசியாக நிற்கும், செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவரிடம் போகாதே என்பதைத்தான் இந்தக் கதையும் சுற்றிச் சுற்றிச் சொல்கிறது. விலக்கி வைத்ததால் இதையெல்லாம் பேசுகிற வாய்ப்பையும் சேர்த்தே பிள்ளைகளிடமிருந்து விலக்கினோம்.

கடைசியாகப் பெற்றோரின் உரிமை. என் பிள்ளை எதை வாசிக்க வேண்டும் என்று தீர்மானிக்க எனக்கு உரிமை இல்லையா என்று மூன்றாம் பேச்சாளர் குரல் தழுதழுக்கக் கேட்டார். உண்டு. முழுமையாக உண்டு. ஆனால் நடைமுறையில் அந்த உரிமை எப்படிக் கேட்கப்பட்டது என்பதற்கு ஆர்கன்சா மாநிலத்தின் சீடர்வில் என்ற சிற்றூர் சாட்சி. 2002இல் அங்கே முதல் நூலைப் பற்றி ஒரு புகார் வந்தது. 15 பேர் கொண்ட நூலகக் குழு அதைப் பரிசீலித்து, நூல் இருக்கட்டும் என்று ஒருமனதாகச் சொன்னது. பள்ளி நிர்வாக வாரியமோ மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில், புகாரே வராத மற்ற நூல்களையும் சேர்த்து அலமாரியிலிருந்து இறக்கி, பெற்றோர் கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு கொண்டுவரும் மாணவருக்கு மட்டும் எடுத்துத் தரவேண்டும் என்றது.

கையெழுத்துத்தானே, அதில் என்ன குறைந்துவிடும் என்று தோன்றலாம். வழக்குத் தொடுத்த குடும்பத்தின் பெண்ணுக்குப் பெற்றோரின் அனுமதி ஏற்கெனவே இருந்தது. அவளுக்கு நூல் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. இருந்தும் 2003 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம் அவள் பக்கமே தீர்ப்பளித்தது. அந்தக் காட்சியைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். எல்லாப் பிள்ளைகளும் அலமாரியில் கைவிட்டு நூல் எடுக்கிறார்கள். ஒருத்தி மட்டும் நூலகரின் மேசைக்குப் போய், சீட்டை நீட்டி, "கெட்ட" புத்தகம் வேண்டும் என்று எல்லார் காதிலும் விழக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்க வைப்பதே அவள்மீது ஒரு களங்கத்தை ஏற்றுகிறது, அதுவே ஒரு தடைதான் என்றது நீதிமன்றம். இந்த நூல்களால் பள்ளியில் எந்தக் குலைவும் நேர்ந்ததற்குச் சான்றில்லை என்பதையும் கண்டு, மற்றக் கதை நூல்கள் இருக்கிற இடத்திலேயே இவற்றையும் திரும்ப வைக்கச் சொன்னது. அந்தக் குடும்பம் தன் பெற்றோர் உரிமையைப் பயன்படுத்தித்தான் அனுமதி கொடுத்தது என்பதை மூன்றாம் பேச்சாளர் கவனிக்க வேண்டும். வாரியத்தின் மூன்று பேர் பறித்தது அந்த உரிமையின் மதிப்பைத்தான்.

உங்கள் மகளுக்குக் கொடுத்தீர்களா என்று எதிரணியிலிருந்து என்னைக் கேட்டார்கள். முதல் மூன்று நூல்களை ஒன்பது வயதில் கொடுத்தேன். நான்காவதில் ஒரு மாணவன் கொல்லப்படுகிறான், மயானத்தில் ஒரு கொடூரமான சடங்கும் நடக்கிறது. அதை நான் முதலில் வாசித்துவிட்டு, அவளுக்குப் பன்னிரண்டு வயதாகட்டும் என்று எங்கள் அறை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அவள் இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவளுடைய தோழி, எங்கள் சபையிலேயே வருகிற பிள்ளை, அதே நூலை அந்த ஆண்டே பள்ளி நூலகத்தில் எடுத்து வாசித்தாள். அவளுடைய அம்மாவும் நானும் அதன் பிறகும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்து வருகிறோம். நடுவர் மணியை அடித்துவிட்டார். எங்கள் வீட்டு மேல்தட்டைப் பற்றிப் பேசப் போதுமான நேரம் கொடுத்தமைக்கு நன்றி கூறி, அமர்கிறேன்.